பிள்ளைக் காம்பரா சுவரில் எழுதிவிட்டுப் போனது

சுவரில் அசிங்கமாக எழுதிவிட்டுப் போவதைப் பற்றி நீங்கள் எல்லாம் சொல்வதைப் பார்த்ததும் எங்கள் தேயிலைத் தோட்டத்தில் நடந்ததையும் எழுத வேண்டும் போல இருந்தது. இலங்கை மலையகத்தில் தலவாக்கலைப் பக்கம். தீபாவளிக்கு முன்னால் லயத்து ஆட்களே, அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில் இருக்கிற நாங்களே, காசு சேர்த்துப் பிள்ளைக் காம்பரா சுவருக்கு, வேலைக்குப் போகிறவர்களின் சின்னப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் இடத்தின் சுவருக்கு, வெள்ளையடித்தோம். தீபாவளி கழிந்து மூன்றாம் நாள் விடிய, பிரட்டுக்கு, அதாவது காலையில் வேலைக்குப் பெயர் கொடுக்க, போன பெண்கள்தான் முதலில் பார்த்தார்கள். கறுப்பு ஸ்ப்ரேயில் எங்கள் லயத்துப் பிள்ளை ஒருத்தியின் பெயர், பக்கத்தில் வாயால் சொல்ல முடியாத ஒரு வார்த்தை. பதினோராம் வகுப்பில் எழுதுகிற சாதாரண தரப் பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளை. பள்ளிக்கூடத்துக்கு அந்தச் சுவரைத் தாண்டித்தான் போக வேண்டும், அன்றைக்கே போகமாட்டேன் என்று உள்ளே உட்கார்ந்துவிட்டாள்.

கொழுந்தெடுக்கப் போன ஓர் அம்மாயி இடுப்பில் கட்டியிருந்த படங்கை, உடுப்பு நனையாமல் சுற்றிக்கொள்ளும் விரிப்பை, அவிழ்த்து, இரண்டு ஆணி அடித்து, அந்த வார்த்தைக்கு மேல் தொங்கவிட்டார். நாங்கள் ஆம்பிளைகள் இத்தனை பேர் நின்று சத்தம் போட்டோம், ஒருவருக்கும் அது தோன்றவில்லை. அதற்குள் யாரோ போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் போட்டு, அது பக்கத்துத் தோட்டம் வரை போய்விட்டது. பிள்ளையின் பெயர் அப்படியே தெரிகிற போட்டோ. எனக்கு எழுதியவன் மேல் வந்த கோபத்தைவிட அனுப்பியவன் மேல் வந்த கோபம் பெரிது.

சரி, அழிக்கிற வேலை. மிச்சமிருந்த சுண்ணாம்பை இரண்டு தரம் பூசினோம். காய்ந்ததும் மறைந்தது, ராத்திரி மழை பெய்து காலையில் பார்த்தால் எழுத்து திரும்ப எழும்பி நிற்கிறது, சுண்ணாம்பு நனைந்தால் உள்ளே இருப்பதைக் காட்டிக்கொடுத்துவிடும். அப்புறம் தின்னர் போட்டுத் தேய்த்தோம், கறுப்பு கரைந்து சாந்துக்குள்ளேயே இறங்கியது. கடைசியில் கம்பிப் பிரஷால் மேல் பூச்சையே சுரண்ட வேண்டி வந்தது.

செய்தது கொழும்பில் வேலை செய்து லீவுக்கு வந்த இரண்டு பையன்கள். ஒருவனுடைய ஆள்காட்டி விரல் நுனியில் கறுப்பு இன்னும் போகாமல் இருந்தது. நான் பொலிசுக்குப் போவோம் என்றுதான் நின்றேன். 2015இல் சீகிரியா மலைக்கோட்டையில் கண்ணாடிச் சுவர் என்று சொல்கிற பளபளப்பான பழங்காலச் சுவரில் பெயரைக் கீறிய மட்டக்களப்புப் பிள்ளைக்கு இரண்டு வருடச் சிறை விதித்து, பிறகு ஜனாதிபதி மன்னிப்பு கொடுத்து வெளியில் விட்டதை ஒருவர் ஞாபகப்படுத்தினார். அது பழைய சுவரில் தன் பெயர், இது இன்னொரு பிள்ளையின் மானம், இரண்டும் ஒன்றா என்று நான் கேட்டேன், இப்போதும் கேட்பேன். ஆனால் பிள்ளையின் அம்மா பொலிஸ் வேண்டாம் என்றார். வழக்கென்று போனால் தன் மகள் ஒவ்வொரு இடத்திலும் அந்த வார்த்தையைத் திரும்பச் சொல்ல வேண்டும், அவன்களே சுரண்டட்டும், அவள் பள்ளிக்கூடம் போய்வருகிற நேரத்தில் மட்டும் அங்கே நிற்கக் கூடாது என்றார்.

இரண்டு நாள் சுரண்டினார்கள். திங்கட்கிழமை அவள் போனாள், அம்மாயி சுவர் முடியும் வரை கூடவே நடந்தார். சுரண்டிய இடம் இன்னும் பள்ளமாகத்தான் இருக்கிறது. தை கழிந்து சுவர் நன்றாகக் காய்ந்தால் சாந்து பூசி அடிக்க வேண்டும், ஈரத்தில் அடித்தால் உரிந்து வந்துவிடும்.