நவோதயா ஆறாம் வகுப்புத் தேர்வு: கிராமப்புற ஒதுக்கீடு பற்றி

கேள்வி:
காரைக்கால் மாவட்டத்துக் கிராமத்தில் ஐந்தாம் வகுப்புப் படிக்கும் என் மகளுக்காக மத்திய அரசின் ஜவஹர் நவோதயா உறைவிடப் பள்ளியில் ஆறாம் வகுப்பில் சேர்வதற்கான நுழைவுத் தேர்வுக்கு விண்ணப்பிக்க இருக்கிறேன். மூன்றாம் வகுப்பில் சில மாதங்கள் மட்டும் நகரப் பள்ளியில் படித்தாள். அவளைக் கிராமப்புற மாணவியாகக் குறிப்பிடலாமா?

பதில் 1:
குறிப்பிட முடியாது, அம்மா. மூன்று, நான்கு, ஐந்து ஆகிய மூன்று வகுப்புகளையும் முழுமையாகக் கிராமப்புறப் பள்ளியில் படித்தவர்களுக்கே அந்த ஒதுக்கீடு பொருந்தும். இடையில் ஒரு நாள் நகரப் பள்ளியில் படித்திருந்தாலும் நகர்ப்புற மாணவியாகவே கொள்வார்கள். குறைந்தது 75 விழுக்காடு இடங்கள் கிராமப்புறத்தாருக்கு என்பதால் போட்டி கடினம்தான். ஆனாலும் பொய்யாக நிரப்பினால், தேர்ச்சி பெற்ற பிறகு சான்றிதழ் சரிபார்ப்பில் குழந்தையின் இடமே பறிபோகும்.

பதில் 2:
ஆறாம் வகுப்புக்கான இத்தேர்வை ஒருவர் ஒருமுறைதான் எழுத முடியும். இரண்டு மணி நேரத்தில் 80 வினாக்கள். அவற்றில் மனத்திறன் வினாக்கள் மட்டுமே 40, மதிப்பெண்ணில் சரிபாதி. தமிழிலேயே எழுதலாம். என் மகன் வினாக்களுக்கு விடை கண்டுவிடுவான். விடைத்தாளில் வட்டத்தைப் பேனாவால் நிரப்பும்போதுதான் வரிசை தவறிவிடுவான். ஆகவே, தாளில் வட்டம் வரைந்து நாள்தோறும் பழக்கினேன்.

பதில் 3:
உண்டு உறைவிடப் பள்ளி என்பதை மகளிடம் இப்போதே மனம்விட்டுப் பேசுங்கள். பத்து வயதுக் குழந்தை வீட்டைப் பிரிவது எளிதல்ல. ஒன்பதாம் வகுப்பில் சிலரை ஓராண்டு வேறு மாநிலப் பள்ளிக்கும் அனுப்புவார்கள்.