டெல்லிக் குளிரும் 60,000 யூனிட் சாஷேவும்

மயூர் விஹார் மணி:
நவம்பர் வந்தாச்சு, காற்று மறுபடியும் மோசம். வீட்டில் வைட்டமின் டி டெஸ்ட் எடுத்ததில் மனைவிக்கு ரத்தத்தில் மில்லிக்கு 9 நானோகிராம்தான், எனக்கும் அம்மாவுக்கும் 30க்கு மேல். கொரோனாவில் ஐசியூ வரை போன நிறைய பேருக்கு இது குறைவாக இருந்ததாமே. அதனால் குளிர் முடியும்வரை எல்லாருக்கும் வாரம் ஒரு 60,000 யூனிட் வைட்டமின் டி சாஷேவை (தூள் பாக்கெட்) பாலில் கலந்து கொடுத்துவிடலாம் என்றிருக்கிறேன். ஃப்ளூ வந்தாலும் லேசாகப் போய்விடும் இல்லையா?

ஜனக்புரி ஜெயா:
மணி சார், குறைவாக இருந்தது சரி, அதனால்தான் ஐசியூ போனார்கள் என்று யார் சொன்னது? வயதானவர்கள், உடம்பு பருத்தவர்கள், வீட்டைவிட்டு வெளியே வராதவர்கள், இவர்களுக்கு வைட்டமின் டியும் குறைவு, நோயும் கடுமையாகும். போதாததற்கு உடம்பில் அழற்சி ஏறினாலே ரத்தத்தில் இந்த அளவு இறங்கும். பிரேசிலில் ஆஸ்பத்திரியில் சேர்ந்த கொரோனா நோயாளிகளுக்கு ஒரே தடவையில் 2 லட்சம் யூனிட் கொடுத்துப் பார்த்தார்கள். 2021இல் முடிவு வந்தது: யாரும் சீக்கிரம் வீடு திரும்பவில்லை.

கரோல்பாக் கண்ணன்:
பிரேசிலையே எத்தனை நாள் சொல்வீர்கள் மேடம்? வீடு பற்றி எரியும்போது கிணறு வெட்டிய கதை அது. 2017இல் 25 ஆராய்ச்சிகளைச் சேர்த்துப் பார்த்தபோது, முன்கூட்டியே தினமோ வாரமோ எடுத்தவர்களுக்கு மூச்சுத்தொற்று குறைந்திருந்தது, அதுவும் 10க்குக் கீழே இருந்தவர்களுக்குத்தான் நல்ல பலன். அவர் மனைவிக்கு 9!

ஜனக்புரி ஜெயா:
அதே ஆராய்ச்சியில் ஒரே தடவையில் 30,000 யூனிட்டோ அதற்கு மேலோ விழுங்கியவர்களுக்குப் பலன் இல்லை என்றும் இருக்கிறது, அதை விட்டுவிட்டீர்களே. சாஷே எவ்வளவு? அப்புறம் பிரிட்டனில் 6,200 பேரை வைத்து, குறைவாக இருந்தவர்களுக்குத் தினமும் 800 அல்லது 3,200 யூனிட் கொடுத்தார்கள், கொரோனாவும் குறையவில்லை, மற்ற மூச்சுத்தொற்றும் குறையவில்லை.

கரோல்பாக் கண்ணன்:
அங்கே ஆரம்பத்திலேயே 10க்குக் கீழே இருந்தவர்கள் எத்தனை பேர்? இங்கே புகைக்குப் பயந்து பால்கனிக் கண்ணாடியைச் சாத்திவிட்டு உள்ளே வெயில் காய்கிறோம், டி உண்டாக்கும் கதிர் கண்ணாடியைத் தாண்டாது. மாத்திரையை விட்டால் வேறு வழி?

ஜனக்புரி ஜெயா:
மனைவிக்கு வேண்டாம் என்று நான் சொல்லவே இல்லை, 9க்கு எலும்புக்காகவே மருந்து வேண்டும், எத்தனை வாரம் என்று டாக்டர் சொல்லட்டும். 30க்கு மேல் உள்ளவர்களுக்கு எதற்கு? அளவு மீறினால் கால்சியம் ஏறி வாந்தி, சிறுநீரகக் கோளாறு வரை போகும். மணி சார், அம்மாவுக்கு ஃப்ளூ ஊசி போட்டாச்சா?

மயூர் விஹார் மணி:
இன்னும் இல்லை மேடம்.