ரேம் மாத்தினதும் லேப்டாப் வரல, அவசரம்!

செந்தூல்காரன்: பழைய லெனோவோ. யூஸ்ட் ரேம் 8 ஜிபி ரெண்டு, புது எஸ்எஸ்டி வாங்கிப் போட்டேன். லினக்ஸ் மின்ட் (விண்டோஸுக்குப் பதிலா போடற இலவச சிஸ்டம்) ஏத்தப் பார்த்தா ஒன்னுமே வரல. தங்கச்சிக்கு நாளைக்கு வேணும். ப்ளீஸ்.

பட்டர்வொர்த் பையன்: மாடல் என்ன பாஸ்? லோகோ வருதா, லைட் மட்டும் எரியுதா?

பூட்லோடர்: யூஇஎஃப்ஐதான் (ஆன் பண்ணதும் முதல்ல ஓடற மதர்போர்டு புரோகிராம்) பிரச்சன. அதுல செக்யூர் பூட்டை (அங்கீகாரம் இல்லாத சிஸ்டத்தைத் தடுக்கற பூட்டு) ஆஃப் பண்ணு, ரூஃபஸ்னு யூஎஸ்பி எழுதற சாஃப்ட்வேர்ல ஜிபிடி (டிஸ்கைப் பிரிக்கற முறை) வச்சு யூஎஸ்பியை மறுபடி எழுது.

பழங்கணினி: இங்க யாரும் ஜோசியம் பாக்கல தம்பி. மாடல் என்ன, ரேம் ஸ்டிக்கர்ல என்ன போட்டிருக்கு, ரெண்டையும் எழுது. பூட்லோடர், லோகோ வருதான்னே தெரியல, அதுக்குள்ள ரூஃபஸா?

செந்தூல்காரன்: டி440பி. லைட் எரியுது, ஃபேன் சுத்துது, லோகோ இல்ல. ரேம்ல பிசி3-12800எஸ்.

பழங்கணினி: அதான். பிசி3-க்குப் பக்கத்துல 'எல்' இல்ல பாரு, அது 1.5 வோல்ட். உன்னோடது இன்டெல் நாலாம் தலைமுறை, 1.35 வோல்ட் டிடிஆர்3எல் மட்டும்தான் எடுக்கும். ரெண்டு வகை ரேம்லயும் அடியில இருக்கற வெட்டு ஒரே இடத்துல இருக்கறதால ஸ்லாட்ல கச்சிதமா உக்காந்துடும், விக்கிறவங்களே கவனிக்க மாட்டாங்க. சார்ஜர், பேட்டரி ரெண்டையும் கழட்டி, பவர் பட்டனை 30 விநாடி அழுத்திப் பிடி. அப்புறம் பழைய ரேமை மட்டும் போட்டு ஆன் பண்ணு. வந்துட்டா பிசி3எல்-12800எஸ் கேட்டு மாத்திக்க. கேஎல் லோ யாட் கம்ப்யூட்டர் மால்ல தேடு, ஸ்டிக்கரைப் படிச்சுட்டுக் காசு குடு.

பட்டர்வொர்த் பையன்: லெனோவோ எக்ஸ்230-ல எல் இல்லாத ரேமும் ஓடுதே?

பழங்கணினி: அது மூணாம் தலைமுறை. ரெண்டும் ஏத்துக்கும். குழப்பாதீங்க.

பூட்லோடர்: 16 ஜிபி எதுக்குலா? மின்ட் எக்ஸ்எஃப்சிஇ-க்கு (மின்ட்டோட லேசான வகை) 4 போதும்.

யாழினி: மின்டுக்குப் போதும், குரோமுக்கு? அது இருக்கட்டும், தங்கச்சி தமிழ்ல டைப் பண்ணுமா? ஐபஸ்-எம்17என்னு லினக்ஸ்ல தமிழ் டைப் பண்ற சாஃப்ட்வேர் போட்டுக்குங்க, தமிழ்99 (தமிழ் எழுத்துக்கே தனி கீபோர்டு அமைப்பு), போனெடிக் (ammaன்னு அடிச்சா அம்மான்னு வர்றது) ரெண்டும் இருக்கு.

பூட்லோடர்: போனெடிக்ல வேகமே வராது. தமிழ்99 பழகச் சொல்லுங்க.

பட்டர்வொர்த் பையன்: இங்க பாதிப் பேர் அஞ்சல் முறையில (அதுவும் போனெடிக் மாதிரிதான்) பழகின கை. நாளைக்கு வேலை முடிக்கணும், இப்ப போய் புது கீபோர்டா?

செந்தூல்காரன்: பழைய ரேம் போட்டதும் லோகோ வந்துருச்சு. மின்ட் ஏறுது. நன்றிண்ணே.

பூட்லோடர்: எஃப்1 அழுத்தி ஸ்டார்ட்அப்ல 'யூஇஎஃப்ஐ ஒன்லி' வச்சீங்களா? 'போத்'ல (பழைய பயாஸ் வழியும் சேர்த்து) விட்டா யூஎஸ்பி எந்த வழியில பூட் ஆச்சுன்னே தெரியாது.

யாழினி: ஆள் போயாச்சு. போனெடிக்ல வேகம் வராதுன்னு யார் சொன்னது பூட்லோடர்?