தமிழில் எழுத டெர்மினல் போதுமா, சொந்தமாக ஒரு டெஸ்க்டாப் செயலி செய்ய வேண்டுமா?

சொல்சேகரி எழுதியது:

வணக்கம். நான் பள்ளியில் தமிழ் ஆசிரியை. திண்டுக்கல் பக்கத்துக் கிராமங்களில் புழங்கும் சொற்களை ஒன்பது வருடமாகச் சேர்த்து வருகிறேன். இப்போது 3,000 பதிவுக்கு மேல் இருக்கிறது. சொல், பொருள், எந்த ஊரில் கேட்டது, பேச்சில் வந்த ஒரு வாக்கியம் என்று ஒவ்வொன்றுக்கும் நாலு விவரம்.

1990களில் தட்டச்சுப் பயிற்சி நிலையத்தில் வேர்ட்ஸ்டார் என்ற பழைய எழுதும் மென்பொருளில் கை பழகியவள் நான். கண்ட்ரோலோடு இ, எஸ், டி, எக்ஸ் அழுத்திக் கர்சரை நகர்த்துவதும், கண்ட்ரோல் கே, பிறகு எஸ் அழுத்திச் சேமிப்பதும் இன்னும் விரலிலேயே இருக்கின்றன. அதனால் லினக்ஸுக்கு வந்த பிறகு, எழுத்து மட்டுமே தெரியும் டெர்மினல் திரையில் ஓடும் ஜோ எடிட்டரில், வேர்ட்ஸ்டார் விசைகளைத் தரும் ஜேஸ்டார் முறையில்தான் எழுதுகிறேன். ஆங்கிலத்தில் கடிதமோ குறிப்போ எழுத அதைவிட நிம்மதியான இடம் எனக்குக் கிடைத்ததில்லை. கறுப்புத் திரை, எழுத்து, நான். வேறு எதுவும் குறுக்கே வராது. வேர்ட்கிரைண்டர் என்ற இன்னொரு எழுதும் செயலியும் வைத்துப் பார்த்தேன். தலைப்பு, தடித்த எழுத்து, ஹெச்டிஎம்எல் ஏற்றுமதி எல்லாம் டெர்மினலுக்குள்ளேயே கிடைப்பது பெரிய வசதி.

தமிழ் என்று வந்ததும் எல்லாம் மாறிவிடுகிறது. ‘கொடி’ என்று அடித்துவிட்டுப் பின்னால் வந்தால், கர்சர் ‘கொ’வின் நடுவில் போய் நிற்கிறது. ‘நீர்’ என்ற சொல் நெருக்கியடித்துக்கொண்டு பக்கத்து எழுத்தின் மேல் ஏறுகிறது. நேராக நிற்க வேண்டிய பட்டியல் வரிக்கு வரி கோணலாகிறது.

சரி, நாமே ஒன்று செய்துகொள்ளலாம் என்று பைத்தான் மொழியில், சாளரம் வரையும் டிகேஇன்டர் தொகுப்பை வைத்து ஒரு சின்னச் செயலி எழுதினேன். அச்சகத்து விண்டோஸ் கணினியில் ஒழுங்காகத் தெரிந்தது. அதே நிரல் வீட்டு லினக்ஸில் ‘கெ’ என்பதற்கு முதலில் ககரத்தையும் அதற்குப் பின்னால் கொம்பையும் போடுகிறது. அப்படி ஒரு பக்கத்தை என்னால் ஐந்து நிமிடம்கூடப் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை.

வீட்டில் 4 ஜிபி ரேம் உள்ள பழைய மடிக்கணினி. அச்சகத்தில் விண்டோஸ். பதிவுகளைச் சரிபார்க்கும் என் தங்கை மகளிடம் மேக். மூன்றிலும் ஓட வேண்டும். செயலி கட்டும் கருவிகளில் எலக்ட்ரான், டாரி, ஃப்ளட்டர், க்யூட் என்று ஆளுக்கொன்று சொல்கிறார்கள். எனக்குத் தெரிந்தது பைத்தான் மட்டும்தான். எதைத் தொடுவது? இல்லை, டெர்மினலையே சரிசெய்ய வழி இருக்கிறதா?

கட்டநோட்டு எழுதியது:

டீச்சர், டெர்மினலில் நீங்கள் பார்த்தது எந்த எடிட்டரின் தவறும் இல்லை. டெர்மினல் என்பது கட்டம் போட்ட கணக்கு நோட்டு மாதிரி. ஒவ்வொரு குறியீட்டுக்கும் எத்தனை கட்டம் என்று முதலிலேயே கணக்குப் போட்டுவிட்டுத்தான் எழுத்தை வைக்கும். அந்தக் கணக்கைச் சொல்லும் செயற்கூறின் பெயர் டபிள்யூசிவிட்த். அது யூனிக்கோடின் வகைப்பாட்டைப் பார்த்து முடிவெடுக்கிறது.

அந்த வகைப்பாட்டில் தமிழுக்கு ஒரு விசித்திரம் உண்டு. புள்ளியும் மேல்விலங்குச் சுழியும் இடம் பிடிக்காத குறிகள். மேல்விலங்கு, கொம்பு, துணைக்கால், உகரக் குறி எல்லாம் இடம் பிடிப்பவை. ஆகவே ‘கி’க்கு 2 கட்டம், ‘கீ’க்கு 1 கட்டம்! ‘கொடி’க்கு 4 கட்டம் கிடைக்கும், ‘நீர்’ 2 கட்டத்துக்குள் அடங்க வேண்டும். உங்கள் பட்டியல் கோணலாவது இதனால்தான். ‘கொ’வின் கொம்பும் காலும் சேர்ந்து ஒரே குறியீடு. அதற்கும் தனிக் கட்டம் இருப்பதால் கர்சர் அங்கே போய் நிற்கிறது. எம்எல்டெர்ம் போன்ற சில டெர்மினல்கள் இந்திய எழுத்துகளைச் சேர்த்து வரைய முயல்கின்றன, பார்வைக்குக் கொஞ்சம் தேவலை. ஆனால் கட்டக் கணக்கை உள்ளே ஓடும் எடிட்டரும் தனியாகப் போடுகிறது. இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் கர்சர் ஓரிடம், எழுத்து ஓரிடம். தமிழ் அகராதி வேலைக்கு டெர்மினலை நான் பரிந்துரைக்க மாட்டேன். பல வருடம் முயன்று பார்த்த பிறகு, வருத்தத்தோடுதான் இதைச் சொல்கிறேன்.

டிகேஇன்டர் கதை வேறு. நினைவகத்தில் ‘கெ’ என்பது முதலில் ககரம், அப்புறம் கொம்பு. வரையும்போது கொம்பை முன்னால் கொண்டுவரும் வேலைக்கு ஷேப்பிங் என்று பெயர். விண்டோஸில் இயங்குதளமே அதைச் செய்து கொடுத்துவிடுகிறது. லினக்ஸில் டிகேஇன்டருக்கு அடியில் இருக்கும் டிகே 8.6 எழுத்தை எக்ஸ்எஃப்டி என்ற எழுத்துரு நூலகம் வழியாக வரைகிறது, அதில் ஷேப்பிங் கிடையாது. வந்த வரிசையிலேயே வைத்துவிடும்.

ஆகவே எந்தக் கருவியானாலும் முதலில் கேட்க வேண்டியது: தமிழை ஷேப்பிங் செய்வது யார்? எலக்ட்ரான், ஃப்ளட்டர், க்யூட் மூன்றும் இதற்கு ஹார்ஃப்பஸ் நூலகத்தைப் பயன்படுத்துகின்றன, அதனால் மூன்றிலும் ‘கெ’ சரியாக வரும். டியர் இம்குய் போன்ற வேறு சில கருவிகளில் அது இல்லை, அந்தப் பக்கம் போக வேண்டாம்.

மூன்றில் எலக்ட்ரான் ஒரு முழு குரோமியம் உலாவியையும் நோட்.ஜேஎஸ்ஸையும் சுமந்து வரும். 4 ஜிபி கணினியில் ஒரு எழுதும் பலகைக்கு அது அதிகம். ஃப்ளட்டர் 2022 முதல் மூன்று இயங்குதளத்திலும் நிலையான பதிப்பாக இருக்கிறது, ஆனால் டார்ட் மொழி கற்க வேண்டும். டாரி அளவில் சின்னது, ஏனென்றால் கணினியில் ஏற்கெனவே இருக்கும் வெப்வியூவை, அதாவது வலைப்பக்கம் வரையும் பகுதியை, கடன் வாங்குகிறது. விண்டோஸில் வெப்வியூ2, மேக்கில் டபிள்யூகேவெப்வியூ, லினக்ஸில் வெப்கிட்ஜிடிகே. ஒரே பக்கத்தை மூன்று இயந்திரம் வரையும் என்பதால் கர்சர், தேர்வு எல்லாவற்றையும் மூன்று தடவை சோதிக்க வேண்டும். ரஸ்ட் மொழியும் கொஞ்சம் தெரிய வேண்டும்.

உங்களுக்குப் பைசைடு6 போதும். க்யூட் 1995 முதல் வருகிறது, இது அதன் அதிகாரபூர்வப் பைத்தான் இணைப்பு, எல்ஜிபிஎல் என்ற கட்டற்ற உரிமம். அதில் க்யூபிளெய்ன்டெக்ஸ்ட்எடிட் என்ற எழுதும் பெட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். கர்சர் ‘கொ’வை ஒரே எழுத்தாகத் தாண்டும். விசை அழுத்தத்தை நீங்களே இடைமறித்து வேர்ட்ஸ்டார் விசைகளைப் பொருத்தலாம். இடைமறிக்காவிட்டால் கண்ட்ரோல் எக்ஸ் கீழே போகாமல் வெட்டிவிடும், அதைக் கட்டாயம் பார்த்துக்கொள்ளுங்கள். மேக்கில் க்யூட் கண்ட்ரோலையும் கமாண்டையும் இடம் மாற்றி வைத்திருக்கும். அதை நிறுத்த ஏஏ_மேக்டோன்ட்ஸ்வாப்கன்ட்ரோல்அண்ட்மெட்டா என்று ஓர் அமைப்பு உண்டு.

இன்னொன்று, சேமிக்க க்யூசேவ்ஃபைல் பயன்படுத்துங்கள். தற்காலிகக் கோப்பில் முழுக்க எழுதி முடித்த பிறகுதான் பழைய கோப்பின் இடத்தில் வைக்கும். நடுவில் கரண்ட் போனாலும் ஒன்பது வருட உழைப்பு பாதிக் கோப்பாக நிற்காது. விநியோகத்துக்கு, நிரலைத் தனியாக ஓடும் செயலியாகக் கட்டித் தரும் பைஇன்ஸ்டாலர். ஆனால் விண்டோஸ் பதிப்பை விண்டோஸிலும் மேக் பதிப்பை மேக்கிலும்தான் கட்ட முடியும்.

ஆய்தம் எழுதியது:

அகரவரிசையை மறந்துவிடாதீர்கள். சாதாரண வரிசைப்படுத்தல் யூனிக்கோடு எண்படி போகும். அதில் னகரம் நகரத்துக்கு அடுத்தே வந்துவிடும், றகரம் ரகரத்தை ஒட்டி நிற்கும். நம் வரிசையில் ழ, ள, ற, ன கடைசியில் அல்லவா? புள்ளியும் அப்படித்தான்: ‘க்’ முதலில் வர வேண்டும், எண்படி ‘கௌ’வுக்கும் பின்னால் போகும். பைஐசியு என்ற பைத்தான் நூலகத்தில் தமிழ் வரிசை இருக்கிறது. இல்லையென்றால் பன்னிரண்டு உயிரும் பதினெட்டு மெய்யும் வரிசையாக எழுதிய ஒரு பட்டியலை நீங்களே வைத்துக்கொண்டு ஒப்பிடலாம். பள்ளிப் பலகையில் எழுதுவதைத்தானே நிரலில் எழுதுகிறீர்கள்.

பச்சைத்திரை எழுதியது:

நிரல் எழுதும் வரை வேலை நிற்க வேண்டாம் என்றால் ஈமாக்ஸ் எடிட்டரைத் தனிச் சாளரமாகத் திறந்து எழுதுங்கள். 2020இல் வந்த 27ஆம் பதிப்பு முதல் அது ஹார்ஃப்பஸ் வழியாக எழுத்தை வரையக்கூடியது. டெர்மினலுக்குள் திறந்தால் அந்தப் பயன் இல்லை. எப்படியானாலும் பதிவுகளை வெறும் உரைக் கோப்பாகவே வையுங்கள். செயலி மாறலாம், கோப்பு நிற்க வேண்டும்.

சொல்சேகரி எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. ‘கி’க்கு இரண்டு, ‘கீ’க்கு ஒன்று என்று படித்ததும் நோட்டில் கட்டம் போட்டு எழுதிப் பார்த்தேன். இத்தனை வருடம் என் அமைப்பில்தான் ஏதோ பிழை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை பைசைடு6 நிறுவி நாற்பது வரியில் ஒரு சாளரம் செய்தேன். கெண்டி, கொப்பு, பீர்க்கு, கௌதாரி, வெள்ளாமை என்று அடித்தேன். ஐந்தும் சரியாக வந்தன. ஐபஸ் என்ற உள்ளீட்டுக் கருவி வழியாகத் தமிழ்99 விசைப்பலகை முறையில் அடிப்பதிலும் தடையில்லை. கண்ட்ரோல் எக்ஸ் வெட்டத்தான் செய்தது. கட்டநோட்டு சொன்னபடி இடைமறித்ததும் கர்சர் கீழே போனது. பின்புலத்தைக் கறுப்பாக்கி மெனுப் பட்டையை மறைத்தேன், பழைய திரை மாதிரியே ஆகிவிட்டது.

பட்டியலைக் கட்டம் கட்டமாக நிறுத்தும் எண்ணத்தை விட்டுவிட்டேன். ஒரு பதிவுக்கு நாலு வரி, இடையில் ஒரு வெற்று வரி, வெறும் உரைக் கோப்பு. மேக் அமைப்பையும் சேர்த்துத் தங்கை மகளுக்கு நிரலை அனுப்பியிருக்கிறேன், அவளே அங்கே கட்டிப் பார்ப்பாள். அகரவரிசைக்கு என் பட்டியலையே எழுதப் போகிறேன். ‘ஜ’, ‘ஷ’, ‘ஸ’, ‘ஹ’ எங்கே வர வேண்டும் என்பதை மட்டும் யாராவது சொல்லுங்கள். னகரத்துக்குப் பிறகு வைக்கலாம் என்று நினைக்கிறேன்.

ஆய்தம் எழுதியது:

ஆமாம், னகரத்துக்குப் பிறகுதான்.