மதுரை மொட்டைமாடி வீடு: சோலாரா, விசிறியும் பெயின்ட்டுமா?

கேள்வி (வைகைக்கரை):
எங்களுடையது தரைத்தளம் மட்டுமே உள்ள பழைய கான்கிரீட் வீடு. கோடையில் இரவு பதினொரு மணிக்கும் கூரையிலிருந்து அனல் இறங்குகிறது. இரண்டு மாதக் கணக்கு 700 யூனிட்டைத் தொடுகிறது. கையில் ஒன்றரை லட்சம் ரூபாய் இருக்கிறது. அனைத்தையும் சோலாரில் போடுவதா, கூல் ரூஃப் பெயின்ட் (வெயிலைத் திருப்பியனுப்பும் வெள்ளைக் கூரைப்பூச்சு), விசிறி மாற்றம் என்று சிறிதாகத் தொடங்குவதா?

பதில் (கணக்கர்):
ஐயா, மொத்தத் தொகையை யூனிட்டால் வகுத்து வரும் சராசரி விலையை வைத்து லாபம் பார்க்க வேண்டாம். கட்டணம் அடுக்கடுக்காக ஏறுவதால் நீங்கள் மிச்சப்படுத்தும் யூனிட் மேலடுக்கிலிருந்துதான் கழிகிறது. 500க்கு மேற்பட்ட ஒவ்வொன்றுக்கும் எட்டு ரூபாய்க்கு மேல் கொடுக்கிறீர்கள். பழைய விசிறி ஏறத்தாழ 75 வாட் எடுக்கும் இடத்தில் பி.எல்.டி.சி. விசிறி (மின்சாரம் குறைவாக எடுக்கும் பிரஷ் இல்லாத மோட்டார் கொண்டது) 30 வாட்டில் ஓடும். நான்கு விசிறிகளை நாளுக்கு 12 மணி நேரம் ஓட்டினால் இரண்டு மாதத்தில் 130 யூனிட் குறையும். விசிறி ஒன்று 3,000 ரூபாய் என்று வைத்துக்கொண்டாலும், கோடைக் கணக்கு ஒன்றிலேயே ஆயிரத்துக்கு மேல் திரும்பிவிடும். சுவரிலுள்ள பழைய ரெகுலேட்டரை மட்டும் எலக்ட்ரீஷியனிடம் சொல்லிக் கழற்றிவிடுங்கள்.

பதில் (தட்டோடு):
பெயின்ட் அடிக்கும் முன் தட்டோடுகளைக் கம்பால் தட்டிப் பாருங்கள்; பொள்ளென்று ஒலிக்கும் இடத்தையும் விரிசல்களையும் சரிசெய்யாமல் பூசினால், அடுத்த மழைக்கே உரிந்து வரும். புழுதி படிந்தால் வெண்மையும் பலனும் குறையும் என்பதால் ஆண்டுதோறும் பங்குனிக்குள் கழுவிவிட வேண்டும், சில ஆண்டுகளில் மறுபூச்சும் தேவைப்படும். ஏ.சி. இல்லாத அறைக்கு இதனால் மின்கட்டணத்தில் ஒரு ரூபாயும் குறையாது. அங்கே கிடைப்பது தூக்கம். அதை எந்தக் கணக்கில் எழுதுவது என்பது உங்கள் விருப்பம்.

பதில் (வெயில்காசு):
சோலாரைக் கடைசியில் வையுங்கள், ஆனால் விட்டுவிடாதீர்கள். வீட்டுக்கூரை சோலாருக்கு மானியம் தரும், 2024இல் தொடங்கிய மத்திய அரசின் பி.எம். சூர்ய கர் திட்டத்தில் முதல் இரண்டு கிலோவாட்டுக்குத் தலா 30,000 ரூபாய் மானியம், மூன்றாவதற்கு 18,000 மட்டுமே. ஒரு கிலோவாட் நாளுக்கு ஏறத்தாழ நான்கு யூனிட் தரும் என்பதால், இரண்டு கிலோவாட் இரண்டு மாதத்தில் 480 யூனிட் தரும். விசிறிகளை மாற்றியபின் மிஞ்சும் 570இல் இதைக் கழித்தால் கீழடுக்கிலேயே நின்றுவிடுவீர்கள். மூன்றாவது கிலோவாட் மலிவான யூனிட்டைத்தான் மிச்சப்படுத்தும். மானியம் பிறகே வங்கிக் கணக்குக்கு வரும் என்பதால் முழுத் தொகையையும் முதலில் ஒதுக்கி வையுங்கள். மேலே மாடி கட்டும் எண்ணம் உண்டா? உண்டென்றால் இப்போதைக்கு விசிறியோடு நிறுத்திக்கொள்வதே நல்லது.