டூலிப் பார்க்கப் போகிறேன், யோசனை சொல்லுங்கள்

வணக்கம். ஜெர்மனியின் பான் நகரில் முதுகலை படிக்கிறேன். ஹேர்ஸ்ட்ராசே தெருவின் செர்ரிப் பூக்கள் சைக்கிள் இருக்கையில் உதிரத் தொடங்கியதும் கால் நிற்கவில்லை. ஏப்ரல் நடுவில் நெதர்லாந்தின் கியூகென்ஹாஃப் டூலிப் பூந்தோட்டத்துக்கு, இரண்டு நாள் பயணம். ஆண்டில் எட்டு வாரம்தான் திறந்திருக்கும். இந்த முறை விட்டால் படிப்பே முடிந்துவிடும்.

என்னிடம் இருக்கும் ஜெர்மன் மாதாந்திர டிக்கெட் வட்டார ரயில்களுக்கு மட்டுமே. எல்லைக்கு அப்பால் குறைந்த செலவில் எப்படிப் போவது? தங்குவதற்குப் பக்கத்து ஊர்களில் லைடன் வசதியா, ஹார்லெமா? தோட்டத்துக்கு வெளியே பூ வயல்களைச் சைக்கிளில் சுற்றியவர்கள் வழி சொன்னால் நல்லது. நான் சைவம், போன பயணத்தில் மூன்று வேளையும் ரொட்டியும் சீஸும்தான். புளியோதரை கட்டிக்கொண்டு போகலாமா என்றுகூட யோசிக்கிறேன்.