ஓட்டு வீடு, பக்கத்தில் அயனி மரம்: புயலடித்தால் எங்கே இருப்பது?

தக்கலை மருமகள்:

வணக்கம். நான் பிறந்தது திண்டுக்கல் பக்கம். திருமணமாகி இரண்டு ஆண்டுகளாகக் கன்னியாகுமரி மாவட்டத்தில் தக்கலைக்கு உள்ளே ஒரு கிராமத்தில் இருக்கிறேன். கணவருக்கு மஸ்கட்டில் வேலை. வீட்டில் நான், மாமியார், எட்டு மாதக் குழந்தை மூவர்தான். பழைய ஓட்டு வீடு. மேற்குச் சுவரிலிருந்து பத்தடி தள்ளிப் பெரிய அயனி மரம் நிற்கிறது. முன்பக்கம் நான்கு தென்னை.

போன வாரம் ஒரு இரவு முழுவதும் காற்று அடித்தது. அயனிக் கிளை ஓட்டில் உரசுகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டு, குழந்தையை மடியில் போட்டபடி விடியும்வரை உட்கார்ந்திருந்தேன். மாமியார், "ஒக்கிப் புயலுக்கே நின்ற மரம், இதற்கா விழப்போகிறது" என்று சொல்லிவிட்டுத் தூங்கிவிட்டார். என்னால் முடியவில்லை.

ஒக்கி அன்று நீங்கள் வீட்டிலேயே இருந்தீர்களா, வேறு இடத்துக்குப் போனீர்களா? கிளம்ப வேண்டிய நேரம் வந்துவிட்டது என்று எப்படித் தெரிந்தது? அனுபவப்பட்டவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள்.

குலசேகரத்துக்காரன்:

சகோதரி, உங்கள் மாமியார் சொன்னதைப் போலத்தான் எங்கள் பாட்டாவும் அன்று சொன்னார். அதைப் படித்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை. கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

2017 நவம்பர் 30, வியாழக்கிழமை. எனக்கு அப்போது இருபது வயது. முந்தைய நாளிலிருந்தே மழை. அப்பா விடியுமுன் மூன்று மணிக்கெல்லாம் ரப்பர் பால்வெட்டுக்குப் போகிறவர். அன்றும் எழுந்தார், வாசலில் நின்று வானத்தைப் பார்த்தார், நெற்றி விளக்கைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டுத் திரும்பப் படுத்துக்கொண்டார். கார்த்திகை மழை நமக்குப் புதிதில்லை. ஆடிக்காற்றும் புதிதில்லை. புயல் என்றால் அது கடலூருக்கும் நாகப்பட்டினத்துக்கும் வருவது என்று நினைத்துக்கொண்டிருந்தோம்.

காலையில் கிழக்கே இருந்து காற்று பிடித்தது. தென்னை வளைந்து கொடுக்கும், ரப்பர் கொடுக்காது. ஆள் உயரத்துக்கு மேலே படாரென்று முறியும். எங்கள் விளையில் 160 மரங்கள். அப்பா திண்ணையில் உட்கார்ந்து ஒவ்வொரு சத்தத்துக்கும் எண்ணிக்கொண்டிருந்தார். நாற்பதுவரை எண்ணினார். பிறகு முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டு உள்ளே வந்துவிட்டார்.

முற்றத்தில் செம்மண் தண்ணீர் ஓடியது. அதற்குள் அரிசி மாவைக் கரைத்து ஊற்றியதுபோல வெள்ளைக் கோடுகள் நெளிந்து வந்தன. எனக்கு என்னவென்று புரியவில்லை. அம்மாதான், "பால் வருகிறதே" என்றார். முறிந்த மரங்களிலிருந்து ரப்பர் பால் வடிந்து, மழைநீரோடு கலந்து, எங்கள் வாசற்படியைத் தொட்டுக்கொண்டு போனது. படியின் மூலையில் அது திரிதிரியாக உறைந்து ஒட்டியிருந்ததை மறுநாள் நான்தான் விரலால் உரித்தெடுத்தேன்.

அடுக்களையில் முதல் ஓடு விழுந்ததும் அம்மா, "பெரியம்மா வீட்டுக்குப் போய்விடுவோம்" என்றார். அது கான்கிரீட் வீடு, இருநூறு அடி தூரம்கூட இருக்காது. பாட்டா மறுத்துவிட்டார். "இந்த வீடு எத்தனை காற்றைப் பார்த்திருக்கிறது! நான் வரமாட்டேன்." அவரை விட்டுவிட்டுப் போகவும் எங்களுக்கு மனம் வரவில்லை. பேசிப் பேசி ஒரு மணி நேரத்துக்கு மேல் போனது. கூரையின் கழுக்கோல் ஒன்று சுவரைவிட்டு எழும்பி விழுவதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் எழுந்தார்.

அந்த ஒரு மணி நேரத்துக்குள் பாதை போய்விட்டிருந்தது. குறுக்கே மரங்கள், அவற்றுக்கு அடியில் மின்கம்பி. நானும் தம்பியும் பாட்டாவைப் பிளாஸ்டிக் நாற்காலியில் வைத்துத் தூக்கிக்கொண்டு, ஒவ்வொரு தடியாக ஏறி இறங்கி அந்த இருநூறு அடியைக் கடக்க அரை மணி நேரம் ஆனது. முதல் ஓடு விழுந்தபோதே கிளம்பியிருந்தால் அவர் தன் காலாலேயே நடந்து வந்திருப்பார். உங்கள் கேள்விக்கு என் பதில் இதுதான்: ஓடு விழும்வரைகூட இருக்காதீர்கள். எச்சரிக்கை வந்ததுமே, மழைக்கு முன்பே, குழந்தையைத் தூக்கிக்கொண்டு போய்விடுங்கள்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பிற்பகலில் காற்று சற்று அடங்கியது. முடிந்துவிட்டது என்று நினைத்து அப்பா பசுவை அவிழ்க்கப் போனார். ஒக்கியின் மையம் நம் கரையைக் கடக்கவே இல்லை. குமரிமுனைக்குத் தெற்கே கடல்வழியாகவே லட்சத்தீவை நோக்கிப் போனது. நம் பக்கத்துப் புயல் இடஞ்சுழியாகச் சுழல்வது. மையம் நமக்குத் தெற்கே இருக்கும்போது கிழக்குக் காற்று. அது மேற்கே நகர நகர, காற்று தெற்கே இருந்து திரும்பி அடிக்கும். இதெல்லாம் எனக்குப் பிற்பாடு தெரிந்தது. காலையில் கிழக்குக் காற்றில் ஆடி வேர் தளர்ந்திருந்த பலாமரத்தைத் தென்காற்று தொழுவத்தின் மேல் தள்ளியது. பசு தப்பியது. அப்பாவின் வலது தோள் நொறுங்கியது.

பிரதான சாலைக்கு மூன்று கிலோமீட்டர். ஊர் ஆண்கள் வெட்டுக்கத்தியும் கைவாளுமாக முன்னே வெட்டிக்கொண்டு போக, பாட்டாவைத் தூக்கிய அதே நாற்காலியில் அப்பாவைத் தூக்கிக்கொண்டு பின்னால் போனோம். ஐந்து மணி நேரம். தொலைபேசிக் கோபுரம் எதுவும் வேலை செய்யவில்லை. அவசரத்துக்கு ஆம்புலன்ஸ் வரும் என்கிற கணக்கு அன்று செல்லாது.

எங்கள் தெருவில் ஒன்பது நாள் மின்சாரம் இல்லை. மோட்டார் வைத்துக் கிணற்றை மூடிவிட்ட வீடுகளில் குடிக்கத் தண்ணீர் இல்லை. எங்கள் பழைய கிணற்றில் கப்பியும் கயிறும் இருந்ததால் தெருவே அங்கே வரிசையில் நின்றது. உங்கள் கிணற்றுக்கும் ஒரு கயிறும் வாளியும் வாங்கி வையுங்கள். இரண்டு நாள் கழித்துத் திருக்கார்த்திகை. வயணை மரமும் விழுந்து கிடந்தது. அம்மா அதிலிருந்தே இலை பறித்துத் திரளிக் கொழுக்கட்டை அவித்துத் தண்ணீருக்கு வந்தவர்களுக்கெல்லாம் கொடுத்தார். ஊர் முழுக்க அகல் விளக்கு மட்டும்தான் எரிந்தது.

160 மரங்களில் நின்றவை 31. 2018இல் நட்ட கன்றுகள் ஏழாண்டு கழித்துத்தான் வெட்டுக்கு வந்தன. இப்போது தம்பி வெட்டுகிறான்.

தூத்தூர் கரையிலிருந்து:

அண்ணன் எழுதியது எல்லாம் உண்மை. எங்கள் வீட்டில் கூரைக்கு ஒன்றும் ஆகவில்லை. மச்சான் தங்கல் மீன்பிடிப்புக்குப் போய்ப் பல நாட்களாகியிருந்தன. ஆழ்கடலில் இருந்தவர்களுக்குக் கரையில் சொன்ன எச்சரிக்கை எட்டவில்லை. பங்கு ஆலயத்தில் வராதவர்களின் பட்டியலில் அவர் பெயரை அக்காதான் தன் கையால் எழுதினாள். டிசம்பர் 7 அன்று குழித்துறையில் ரயில் மறியலில் நாங்களும் தண்டவாளத்தில் உட்கார்ந்தோம். அதற்கு மறுநாள் அவர் லட்சத்தீவில் கரையேறியிருக்கிறார் என்று செய்தி வந்தது. பக்கத்து வீட்டுக்காரர்கள் படகில் போன மூவரும் வரவில்லை.

சகோதரி, உங்கள் கணவர் வெளிநாட்டில் இருக்கிறார். கிளம்புவதற்கு முன், எந்த வீட்டுக்குப் போகிறீர்கள் என்று அவருக்கு ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போங்கள். செய்தி தெரியாமல் காத்திருப்பது மிகக் கொடுமை.

நாகர்கோவில் ஆசாரி:

மரத்தைப் பற்றி மட்டும் சொல்கிறேன். ஒக்கிக்கு நின்றது என்பதை அந்த அயனிக்குச் சான்றாக எடுக்க வேண்டாம். அன்று அடித்தது கிழக்குக் காற்றும் தென்காற்றும். உங்கள் மரம் வீட்டுக்கு மேற்கே நிற்கிறது. கிழக்குக் காற்றில் விழுந்திருந்தால் வீட்டைவிட்டு விலகித்தான் விழுந்திருக்கும். நீங்கள் பயப்பட வேண்டியது ஆனி ஆடியில் அடிக்கும் கச்சான் காற்றுக்கு. அது மேற்கே இருந்து வரும். விழுந்தால் கூரைமேல்தான்.

அடிமரத்தைச் சுத்தியலால் தட்டிப் பாருங்கள். உள்ளே பொத்தலாகக் கேட்டால் மரத்தை இறக்கிவிடுவதே நல்லது. வள்ளம் செய்யவும் கதவு நிலைக்கும் அயனித் தடிக்கு எப்போதும் கேள்வி உண்டு, வெட்டுக்கூலி கையைக் கடிக்காது. கெட்டியாக இருந்தால் கூரைப் பக்கக் கிளைகளை மட்டும் வைகாசிக்குள் கழியுங்கள். ஒரே பக்கமாக மொட்டையடித்துவிடாமல் எதிர்ப்பக்கமும் கொஞ்சம் கழிக்கச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் பாரம் ஒருபுறமாகச் சாயும்.

தக்கலை மருமகள்:

எல்லோருக்கும் நன்றி. மாமியாருக்கு முழுவதையும் சத்தமாக வாசித்துக் காட்டினேன். ஆசாரி அண்ணன் எழுதிய இடம் வந்ததும் எழுந்துபோய் மேற்குச் சுவரருகே நின்று மரத்தை அண்ணாந்து பார்த்தார். பிறகு, எதிர்வீட்டு மயினியிடம் தானே போய்ப் பேசிவிட்டு வந்தார். காற்று என்றால் மூவரும் அங்கே போவதாக முடிவாகிவிட்டது. நாளைக் காலை மரமேறுகிறவர் வருகிறார். கயிறும் வாளியும் வாங்கியாயிற்று, கப்பிதான் இன்னும் கிடைக்கவில்லை.

குலசேகரத்து அண்ணா, அப்பாவின் கை இப்போது எப்படி இருக்கிறது என்று மாமியார் கேட்கச் சொன்னார்.

குலசேகரத்துக்காரன்:

காதுக்கு மேலே தூக்க முடியாது, சகோதரி. மற்றபடி நலமாக இருக்கிறார். மாமியாரைக் கேட்டதாகச் சொல்லுங்கள். கப்பி எங்கள் வீட்டில் பழையது ஒன்று சும்மா கிடக்கிறது, தம்பி அந்தப் பக்கம் வரும்போது கொடுத்தனுப்புகிறேன்.